நேரில் பார்த்தேன்

1936 அக்டோபர் 12, திங்கள்

சேத்தூர் நெல் கிட்டங்கிக்கும் இன்று கையெழுத்து விழுந்துவிட்டது. கிட்டங்கிக்கு வாசல் வடக்கா தெற்கா என்று இஞ்சினியர் சாரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கமே அவர் வரவில்லை. ஆனாலும் படிவத்தில், "மேற்படி வேலையை மைக்கேல் என் மேற்பார்வையில் செய்தார். நேரில் பார்த்தேன்" என்று அழகான இங்கிலீஷில் எழுதி, சௌந்தரபாண்டியன் என்று போட்டுக் கீழே ஒரு கோடும் இழுத்தார். கையெழுத்தில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

மதுரைக் கமிட்டியின் விதி அப்படி. லைசென்ஸ் உள்ள இஞ்சினியர் ஒருவரிடம் மூன்று வருஷம் வேலை பழக வேண்டும். ஒவ்வொரு கட்டடத்தையும் அவர் வந்து பார்த்து, பார்த்தேன் என்று எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு லைசென்ஸ். அது இல்லாமல் பிளானில் என் பெயரைப் போட்டுக் கொண்டுபோனால் முனிசிபாலிட்டியில் காராச்சேவு மடிக்க வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வருகிற ஆவணிக்குள் முடிந்துவிடும். பிறகு இதே ஸ்ரீவில்லிபுத்தூரில், தெற்கு ரத வீதியில் ஒரு போர்டு. இடத்தைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

படிவத்தில் மைக்கேல் என்று எழுதிவிட்டு, சார் இன்றும் என்னைப் பால்துரை என்று கூப்பிட்டார். நானும் "சார்" என்று போய் நின்றேன். பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 15

எனக்கு முன்னால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பழகியவர் பால்துரை. நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய சாமான்களோடு குடித்தனம் நடத்துகிறேன். டி-ஸ்கொயரில் கத்தியால் கீறிய "பா.து." இருக்கிறது. படம் வரையும் பலகையில் அவர் குத்திய பின் ஓட்டைகள் இருக்கின்றன. சுவரில் ஆணியடித்து அவர் குடையைத் தொங்கவிட்டிருக்கிறது. அதை எடுக்கச் சார் யாரையும் விடுவதில்லை.

சோழபுரத்தில் ஒரு வீட்டு மச்சு இடிந்து விழுந்து அதன் அடியில் செத்துப்போனார். அவருக்கும் மூன்று வருஷம் முடியும் தறுவாய். சாரைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு அளவை மாற்றினார், அதனால்தான் விழுந்தது என்று கமிட்டி விசாரணையில் முடிவு கட்டினார்கள். ஊரும் அப்படித்தான் பேசுகிறது. அவசரக்காரர் போல என்று நானும் நினைத்துக்கொண்டேன். என்னைப் போல.

அதிலிருந்து சார் எந்தச் சாரத்திலும் ஏறியதில்லை. வேலை நடக்கிற இடத்துக்கு வந்தாலும் வில்வண்டியை விட்டு இறங்க மாட்டார். வண்டிக்குள்ளிருந்தே "எல்லாம் சரியாலே?" என்பார். சரி என்பேன். வண்டி திரும்பிவிடும். முக்கால்வாசி அதுவும் கிடையாது.

மத்தியானம் பலகையின் மேல், வலது மூலையில், சுண்ணாம்புப் பொடி விழுகிறது. தினமும் துடைக்கிறேன். இன்று துடைத்துவிட்டு நிமிர்ந்தால் சார் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மேல யாரும் நடக்காவளாலே?"

"இல்ல சார். கரையானாயிருக்கும்."

"கரையானா..." என்று செத்த நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "செருப்புப் போட்டுல்லா நடக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது வரவில்லை.

அக்டோபர் 29

உத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். இன்றும் விழுந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

அப்பா கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோனோம். போலீஸில் இருந்தவர், செத்தும் விறைப்பாகத்தான் படுத்திருப்பார் என்று அம்மா வருஷா வருஷம் சொல்வாள். இந்த வருஷமும் சொன்னாள்.

இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் காற்றுக்கு முந்தானையால் மறைத்து வர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தாள். சிலுவையில் பால்துரை என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷம் இதே வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன், நின்று வாசித்ததில்லை. அவர் மனைவி சந்தனமேரி. அக்கா என்று கூப்பிட்டேன்.

"சார் ஆபீசுல இருக்க தம்பி நீங்கதானா? அந்த ஸ்டூலு இன்னும் ஆடுதா?"

"ஆடத்தான் செய்யுது. காகிதம் மடிச்சு வச்சிருக்கேன்."

"அவியளும் அப்படித்தான் வச்சிருந்தாவ."

அதோடு போயிருக்கலாம். நான் நின்றேன். அவள் வர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவிய கேக்காமச் செய்யல தம்பி. ரயிலேறி வந்து சார்ட்ட கேட்டாவ. 'மூணு இஞ்ச் போதும்லே, போடு. நான் வந்து பாக்கேன்'னு சொல்லியிருக்காவ. அன்னைக்கே வந்து எங்கிட்டச் சொன்னாவ. பொறவு தினமும் சாரை எதிர்பாத்துக்கிட்டேதான் இருந்தாவ. சாரு வரல. மச்சுக்குச் சுண்ணாம்பு இடிக்கிற பொம்பளைய எல்லாம் மத்தியானக் கஞ்சிக்கு எறங்கிட்டாளுவ. இவிய மட்டும் அடியில நின்னு கட்டை நுனியை அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னிருக்காவ."

"விசாரணையில இதைச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். புருசனுக்காவப் பொஞ்சாதி சொல்லுதான்னு எழுதிக்கிட்டாவ. 'நேர்ல போயி அளவெல்லாம் பாத்தேன், சரியாத்தான் இருந்தது, பொறவு அவன்தான் மாத்திட்டான்'னு சார் எழுதிக் குடுத்துட்டாவளே. அது இங்கிலீஷு. நான் சொன்னது வெறும் வாய்."

மூணு இஞ்ச் என்றால் எனக்குப் புரியும். உத்திரக் கட்டையின் நுனி சுவருக்குள் முக்கால் அடியாவது போய் உட்கார வேண்டும். மூன்று இஞ்ச் மட்டும் என்றால் உட்காரவில்லை, தொத்திக்கொண்டு நிற்கிறது. மேலே செங்கலும் சுண்ணாம்பும் ஏற்றி, பத்துப் பெண்கள் கட்டையால் இடி இடி என்று இடித்தால்?

சார் அப்படிச் சொல்லியிருப்பாரா? புருஷனைப் பறிகொடுத்தவள் என்னமும் சொல்லலாம். ஆனால் அவள் அழவில்லையே. அழுதிருந்தால் நம்பாமல் இருந்திருப்பேன்.

நவம்பர் 20

புது வேலை. ராஜபாளையத்தில் சஞ்சீவி ராஜா வீடு. பருத்தி வியாபாரம், நல்ல இடம். இதுதான் என் கடைசிக் கட்டடமாக இருக்கும். இதில் கையெழுத்து விழுந்தால் நான் லைசென்ஸ்காரன்.

சார் பீரோவிலிருந்து சுருட்டிய பழைய பிளான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதை அப்படியே ட்ரேஸ் எடு. ராஜாவுக்கு இந்தக் கூடம்தான் வேணும். பதினாறரை அடி."

விரித்துப் பலகையில் வைத்தேன். காகிதத்தில் இருந்த ஓட்டைகளும் பலகையில் இருந்த ஓட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. நாலு மூலையிலும். என் பின்களைத் தேடி எடுத்துக் குத்த வேண்டிய வேலையே இல்லை, உள்ளே இறங்கிவிட்டன. வீட்டுக்காரர் பெயர் இருந்த இடத்தை பிளேடால் சுரண்டியிருந்தது.

"சார், இது சோழபுரத்துப் பிளானா?"

"பிளான்ல ஒரு தப்பும் இல்லலே!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு தணிந்த குரலில், "பிளான் நல்ல பிளான்" என்றார்.

பால்துரையின் கோட்டின் மேலேயே என் கோட்டை இழுத்தேன். அவர் எங்கே பேனாவை எடுத்தாரோ அங்கே என் கையும் தானாக நின்றது. வாய்விட்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வரைந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சொன்னேன்.

டிசம்பர் 25

பூசையில் சந்தனமேரி அக்காவைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

1937 ஜனவரி 18

பொங்கல் கழிந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாயிற்று. சஞ்சீவி ராஜா சந்தோஷமாக இருக்கிறார். பிளானில் கூடத்தின் மேல் விரலை வைத்து, "பதினாறரை. பூச்சு கீச்சுன்னு அரை போயிட்டா சுத்தமாப் பதினாறு. நம்ம அம்மா கேட்ட அளவு" என்றார். நான் கொத்தனார் ஆண்டிச்சாமி கயிறு பிடிப்பதைக் கவனித்துக்கொண்டே தலையாட்டினேன்.

செங்கோட்டையிலிருந்து உத்திர மரம் வந்து இறங்கியது. எல்லாம் பதினாறரை அடிக்கு அறுத்தது. தேக்கு வாசனை தெரு முழுக்க.

மார்ச் 9

தினமும் ரயிலில் ராஜபாளையம் போய்த் திரும்புகிறேன். இது சார் பார்வையில் நடக்கிற வேலையாம். சார் ஒரு தடவை வந்தார், வண்டியை விட்டு இறங்கவில்லை.

எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். கட்டை நுனியைத் தேடுகிறேன். கோவிலில்கூட. "பூசையில சாமியப் பாரு, கூரையப் பாக்காத" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

ஏப்ரல் 19, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சுவர் உத்திர மட்டத்துக்கு வந்துவிட்டது. சஞ்சீவி ராஜாவின் தாயார் பார்க்க வந்தார். கையில் ஓர் அடிக்கோல். கூடத்துக்குள் நின்று, மேற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவர் வரை கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டு போனார். கடைசியில் நிமிர்ந்து மகனைப் பார்த்து, "பதேனு!" என்றார். தெலுங்கில் பதினைந்து.

திரும்ப அளந்தோம். பதினைந்துதான். எப்படிப் பதினைந்து இல்லாமல் இருக்கும்? சார் மெட்ராஸில் படித்தவர். சுவரின் நடுவிலிருந்து எதிர்ச் சுவரின் நடு வரைதான் அளவு போடுவார், அதுதான் பதினாறரை. சுவர் ஒன்றரை அடி கனம். உள்ளே நின்று பார்த்தால் பதினைந்து. இந்த ஊரில் எந்த வீட்டுக்காரர் சுவரின் நடுவில் நின்று அளப்பார்? உள்கூடுதான் அவர்களுக்குக் கணக்கு. அரை அடி பூச்சுக்குப் போகும் என்று ராஜா சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனையடி சாஸ்திரத்தில் பதினைந்து ஆகாது, வந்த செல்வம் தங்காது. பதினாறு என்றால் பெருகும்.

சஞ்சீவி ராஜா ரொம்ப யோசிக்கவில்லை. "மேற்குச் சுவரை இடிச்சு ஓரடி தள்ளிக் கட்டுங்க" என்றார்.

"மரம்?" என்றேன்.

"மரத்துக்கு என்ன? அதே மரம்தான். சுவத்து மேல எட்டுதில்ல?"

எட்டும். பதினாறரை அடி மரம், பதினாறு அடி கூடம். மீதி அரை அடி. இந்தப் பக்கம் மூன்று இஞ்ச், அந்தப் பக்கம் மூன்று இஞ்ச்.

அங்கேயே செங்கல் குவியலில் உட்கார்ந்தேன். வெயில் என்று நினைத்து ஆண்டிச்சாமி தண்ணீர் கொண்டுவந்தார்.

சோழபுரத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும். அதே பிளான், அதே பதினாறரை. யாரோ ஒருவர் உள்ளே நின்று அளந்திருப்பார்.

ஏப்ரல் 20

காலையில் சாரிடம் போனேன். எல்லாம் சொன்னேன். சந்தனமேரி அக்கா பெயரை எடுக்கவில்லை. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். தலை நிமிரவில்லை.

"மூணு இஞ்ச் போதும்லே. போடு. நான் வந்து பாக்கேன்."

ஒரு எழுத்து மாறவில்லை.

நான் சரி சார் என்றேன்! வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரயிலேறி ராஜபாளையம் வருகிற வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம். மூன்று இஞ்சில் நிற்கிற மச்சு எத்தனையோ இருக்கும். எல்லாமா விழுகிறது? ஆவணிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது? போட்டுவிட்டால் என்ன? பார்த்தேன் என்று சார் எழுதிவிடுவார். விழுந்தால்—

விழுந்தால் அடியில் நிற்கப்போவது யார்? கட்டை நுனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் யாருக்கு வந்திருக்கிறது?

ஏப்ரல் 21

வேலையை நிறுத்திவிட்டேன். சார் வந்து, ஏறி, கட்டை உட்காருகிற இடத்தில் கையை வைத்துச் சரி என்று சொல்லாமல் ஒரு மரமும் மேலே போகக் கூடாது என்று ஆண்டிச்சாமியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கரணையைக் கழுவி வைத்தார்.

சஞ்சீவி ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏமி தம்முடு, என்ன இது? உன் சாரே சரின்னு சொல்லிட்டார்னா நீ யாரு நிறுத்துறதுக்கு?"

"நான் யாருமில்லைங்கய்யா. எனக்கு லைசென்ஸ் இல்ல. அதனாலதான் அவிய வரணும்."

"நாளன்னைக்குள்ள வேலை நடக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

வேற ஆளைப் பார்த்தால் இந்தக் கட்டடம் என் கணக்கில் வராது. என்ன பெரிய வீரன்டா நீ.

ஏப்ரல் 22

மத்தியானம் வரை சாரிடம் வாயைத் திறக்கவில்லை. பலகையில் பொடி விழுந்தது. அவர் மேலே பார்த்தார். அப்போது சொல்லிவிட்டேன்.

"சார், பால்துரை அண்ணன் வந்து கேட்டபோதும் இதே வார்த்தைதான் சொன்னீங்களாம். சந்தனமேரி அக்கா சொன்னாவ."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய குடையைத் தொட்டார். எடுக்கவில்லை, தூசியை மட்டும் விரலால் வழித்தார்.

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை மறக்க மாட்டேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"அப்ப முந்தாநாளு நான் யாருகிட்டச் சொன்னேன்? உங்கிட்டயா, அவங்கிட்டயா?"

ஏப்ரல் 23, வெள்ளி

வந்துவிட்டார்!

ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். வண்டி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரிடமும் பேசாமல் ஏணியின் அடியில் போய் நின்றார். கீழ்ப்படியில் காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சித்தாள்கள்கூடச் சட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூங்கில் வழியாக அவர் நடுக்கம் என் கைக்கு வந்தது.

மேலே போய்ச் சுவரின் மேல் குந்தினார். ஆண்டிச்சாமி ஒரு மரத்தை ஏற்றி, ராஜா சொன்ன மாதிரி பதினாறுக்கு வைத்தால் நுனி எங்கே வரும் என்று காட்டினார். சார் அந்த இடத்தில் விரல்களை வைத்தார். நாலு விரல்கூட முழுசாக அடங்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

இறங்கி வந்து சஞ்சீவி ராஜாவிடம், "இந்த மரம் ஆகாது. பதினாறு வேணும்னா பதினேழரை அடி மரம் வாங்கணும். கூடத்தை உள்ளளவா வரையாதது என் தப்பு" என்றார். பிறகு, அங்கே யாரும் கேட்காமலே, "சோழபுரத்துல நான் வந்து பாக்கல. பையன் வந்து கேட்டான். போடுன்னு சொன்னது நான்தான்" என்றார்.

ராஜாவுக்குச் சோழபுரம் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? உத்திரத்தைப் பார்த்தார், உள்ளே நின்ற தாயாரைப் பார்த்தார். "இந்தக் கூடத்துலதான் எங்க அம்மா படுப்பாங்க" என்றார். செங்கோட்டைக்கு இன்றே ஆள் போயிற்று.

ஜூன் 10

மச்சுக்குச் சுண்ணாம்பு இடிக்கிறார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, வரிசையாகக் குந்தி, பாட்டுப் பாடிக்கொண்டு. வீடு முழுக்க அதிர்கிறது. சார் தினமும் வருகிறார். தினமும் ஏறுகிறார்.

மத்தியானம் பெண்கள் கஞ்சிக்கு இறங்கினார்கள். சட்டென்று சத்தம் நின்றது. சாரைக் காணோமே என்று உள்ளே போனால், கூடத்தின் நடுவில், உத்திரத்துக்கு அடியில் நிற்கிறார். அண்ணாந்தபடி. தோளில் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி.

"வெளிய வாங்க சார்."

"இப்படித்தான் நின்னிருக்கான். மரத்தைப் பாக்க நிக்கல. நான் வருவேன்னு நின்னிருக்கான்." தோளைத் தட்டிவிடவில்லை. "போலாம் பால்துரை" என்றார்.

ஜூன் 28

சார் என் கடைசிப் படிவத்தையும் முடித்துக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு கட்டடம், பன்னிரண்டு கையெழுத்து. என் பெயர் சுத்தமாக, பிழையில்லாமல்.

"இதை முதல்ல தபால்ல போட்டுரு. உனக்கு லைசென்ஸ் வந்த பொறவு நான் கமிட்டிக்கு எழுதுதேன், சோழபுரத்தைப் பத்தி. முன்னால எழுதினா என் லைசென்ஸ் போயிரும். எங்கிட்டப் பழகினதும் செல்லாமப் போயிரும். இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு மாசம்."

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை. வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளைக்குத் தபாலில் போட வேண்டும்.

ஜூலை 4, ஞாயிறு

இன்னும் போடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. தபாலாபீஸ் வாசல் வரை போகிறேன், வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். நான் வெற்றிலை போடுகிறவன்கூட இல்லை.

பூசை முடிந்து சந்தனமேரி அக்கா என்னைக் கூப்பிட்டாள். கையில் அந்தக் குடை.

"சாரு வீட்டுக்கு வந்தாவ தம்பி. இதைக் குடுத்தாவ. வாசப்படியில நின்னு எல்லாத்தையும் சொன்னாவ. 'அவன் மேல தப்பில்லம்மா'ன்னாவ. எனக்குத் தெரியும்னேன். எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதேன்னேன். கமிட்டிக்கு எழுதுதேன்னு சொல்லியிருக்காவ. கொஞ்சம் பொறுக்கணுமாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கி நான் பார்த்தது இப்போதுதான். "இந்தக் குடைய அன்னைக்கு மறந்து வச்சிட்டுப் போனாவ. எம்புட்டு மழையில நனைஞ்சிருக்கேன், வேற குடை வாங்க மனசு வரல" என்றாள்.

எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. என் படிவத்தைச் சொன்னேன்.

கோபப்படவில்லை. யோசித்துவிட்டுச் சும்மாதான் கேட்டாள். "உங்க பேப்பர்லயும் எல்லாத்தையும் பாத்தேன்னுதான் எழுதியிருக்காவளா தம்பி?"

ஜூலை 6

சாரிடம் போனேன். படிவங்களை மேஜையில் வைத்தேன். "நீங்க பாத்ததை மட்டும் வச்சிட்டு மத்ததை அடிச்சிருங்க சார்" என்றேன்.

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"அடிச்சிருங்க சார். நான் மனசு மாறுததுக்குள்ள."

ஒவ்வொன்றாக எடுத்தார். சேத்தூர் கிட்டங்கி, கோடு. தேவதானத்துப் பள்ளிக்கூடம், கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு இங்கே, நெஞ்சுக்குள்ளே இழுத்தது. இத்தனை வருஷம் வெயிலில் நின்றது நான்தானே? செங்கலை எண்ணியது நான்தானே? கட்டடம் பொய்யில்லையே! அவர் பார்க்காதது என் குற்றமா? பதினொன்றும் போய் ராஜபாளையம் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதைக் கையில் கொடுத்துவிட்டு வேறொரு தாளை எடுத்துக் கமிட்டிக்கு எழுத உட்கார்ந்தார். நான் இருக்கும்போதே எழுதினார்.

வெளியே வந்து தேரடியில் நின்று அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன். நல்ல காரியம் செய்த சந்தோஷம் வரும் என்பார்களே, அது வரவே இல்லை.

ஆகஸ்ட் 16

மதுரையிலிருந்து பதில். பால்துரை மேல் எழுதிய முடிவை ரத்து செய்துவிட்டார்கள். சந்தனமேரி அக்காவுக்குத் தனியாகத் தாள் போயிருக்கிறது. சாருக்கு லைசென்ஸ் போயிற்று. எனக்கு, ராஜபாளையம் வீடு மட்டும் செல்லும். மற்றதைப் புதிதாகத் தொடங்கிப் பழக வேண்டும்.

அம்மா கடிதத்தை வாங்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க அப்பா இருந்தா உன்ன அடிச்சிருப்பாவ. பொறவு தெருவெல்லாம் போயி உன்னப் பத்திப் பெருமையும் பேசியிருப்பாவ" என்றாள்.

சாரிடம் விடைபெறப் போனேன். ஆபீஸைக் காலி செய்துகொண்டிருந்தார். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது, அதன் காலடியில் நான் மடித்து வைத்த காகிதம். அதற்குள் இன்னொரு பழைய மடிப்பு. எடுத்துப் பார்க்கவில்லை. பால்துரையுடையதாக இருக்கும்.

மத்தியானம்தான். பலகை சுத்தமாக இருந்தது. சார் மேலே பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

"போயிட்டு வா பால்துரை" என்றார்.

"வாரேன் சார்" என்றேன்.

செப்டம்பர் 6, திங்கள்

ராஜபாளையத்தில் கட்டுகிற புது மில்லில் இன்று சேர்ந்தேன். இஞ்சினியர் ஐயாதுரை, தூத்துக்குடிக்காரர், கட்டையான மனிதர். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"அனுபவம் எம்புட்டு?"

"ஒரு கூடம் சார்."

"சரி, வா" என்று ஏணியில் ஏறிவிட்டார். பின்னாலேயே ஏறினேன். ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போகிறார். இவர் வழக்கமே இதுதான் போலிருக்கிறது.

மத்தியானம் மணி அடித்து எல்லோரும் கஞ்சிக்கு இறங்கினார்கள். சத்தம் அடங்கியது. நான் என்னையறியாமல் உத்திரத்துக்கு அடியில் போய் அண்ணாந்து நின்றிருக்கிறேன். மேலே யாரோ செருப்புக் காலோடு நடந்தார்கள். நெற்றியில் கொஞ்சம் பொடி விழுந்தது.

"மைக்கேல்!"

நான் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றேன். சாரத்திலிருந்து ஐயாதுரை சார் குனிந்து, "ஏலே மைக்கேல், உன்னத்தான்!" என்று இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான், கூப்பிட்டது என்னை என்று உறைத்தது.